தண்ணீர்க் கணக்கு: நலார்பர் சமவெளியை நோக்கி முதல் ஒன்பது நாட்கள்

நாள் 1: சிடூனாவிலிருந்து மேற்கே 38 கி.மீ.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரச் சிற்றூரான சிடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை, ஐர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரைத் தனியாக ஓடிக் கடப்பது என் திட்டம். உடன் வரும் வாகனம் கிடையாது. கூடாரம், படுக்கைப் பை, சிறு அடுப்பு, உணவு, தண்ணீர் எல்லாம் மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்றில் என் முன்னால் உருண்டு வரும். குழந்தையை உட்காரவைத்துத் தள்ளியபடி ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி அது. இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பலகை ஒன்றைத் திருகாணிகளால் பொருத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் இங்கே குளிர்காலத்தின் கடைசி. பகலில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியும் இரவில் 6, 7 டிகிரியாகவும் இருக்கும் இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தண்ணீரே காரணம். கோடையில் இதே தூரத்தை ஓட இரு மடங்கு தண்ணீர் வேண்டும். அதைச் சுமக்கும் உழைப்புக்கே மேலும் தண்ணீர் வேண்டும். அந்தக் கணக்கு முடிவதே இல்லை.

இத்தனையும் தெரிந்திருந்தும் இன்று காலை நான் ஏற்றியது 22 லிட்டர். அடுத்த ஊரான பெனாங் 73 கி.மீ. தொலைவில் இருக்கிறது, இரண்டு நாள் ஓட்டம். ஓடும்போது குடிப்பதற்கும் சமையலுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 லிட்டர், அவசரத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் 14 லிட்டர் போதும். மீதி 8 லிட்டரை வண்டியில் ஏற்றியது தாகமன்று, பயம். வண்டியும் பொருள்களுமாக 50 கிலோவைத் தாண்டிய சுமையுடன் ஊர் எல்லையைக் கடந்தபோது, முதல் சிறு மேட்டிலேயே என் கெண்டைக்கால்கள் முறையிடத் தொடங்கிவிட்டன.

ஆஸ்திரேலியாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்லும். காலால் செல்பவர் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்க ஓரமாகச் செல்ல வேண்டும். தாருக்கு வெளியே இருக்கும் ஓரம் சரளைக்கல். கனமான வண்டியின் முன்சக்கரம் அதில் இறங்கினால் ஒரு விரற்கடை புதையும். அந்த விரற்கடைக்காகத் தோளிலிருந்து இடுப்புவரை உடம்பு முழுவதும் முன்சாய்ந்து தள்ள வேண்டும். ஆகவே தாரின் விளிம்பில் ஓடுவதும், எதிரே லாரி வரும்போது சரளையில் இறங்கி நிற்பதும், அது போனபின் மீண்டும் ஏறுவதுமாக நாள் கழிந்தது. 25 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் நடை என்று வகுத்திருந்த ஒழுங்கு பத்தாவது கிலோமீட்டரிலேயே குலைந்தது.

மாலையில் கோதுமை வயலின் வேலிக்கும் சாலைக்கும் இடையே இருந்த குட்டை மரங்களுக்குப் பின்னால் கூடாரம் போட்டேன். இங்கே மல்லி என்று சொன்னால் பூவன்று. ஒரே வேர்க்கிழங்கிலிருந்து பல தண்டுகளாகக் கிளம்பும் யூக்கலிப்டஸ் வகைக்கு இந்நாட்டில் அதுதான் பெயர். படுக்கும் முன் அளந்து பார்த்தேன்; 16 லிட்டர் மீதி இருக்கிறது.

நாள் 2: பெனாங், 35 கி.மீ.

விடிந்ததும் 5 லிட்டரை மல்லி மரத்தடியில் ஊற்றிவிட்டேன். வறண்ட நாட்டில் குடிதண்ணீரைத் தரையில் கொட்டும்போது கை கூசியது. ஆனால் வண்டி உருண்ட விதத்தில் உடனே வேறுபாடு தெரிந்தது.

ரோடு டிரெயின் எனப்படும் தொடர் லாரிகளைப் பற்றி இன்று கற்றுக்கொண்டேன். இந்தச் சாலையில் அவை 36.5 மீட்டர் நீளம் வரை அனுமதிக்கப்படுகின்றன. அவை எதிரே வரும்போது ஓசைக்கு முன்பே தரையின் அதிர்வு உள்ளங்காலில் தெரிந்துவிடுகிறது. கடக்கும் நொடியில் முதலில் ஒரு காற்று மார்பில் மோதித் தள்ளும். வால் கடந்ததும் அதற்கு நேர்மாறாக வண்டியைச் சாலைப் பக்கம் இழுக்கும். மோதும் காற்றை விட இழுக்கும் காற்றே ஆபத்தானது, ஏனெனில் அதற்குள் நாம் பிடியைத் தளர்த்தியிருப்போம். இரண்டாவது லாரி கடந்தபோது என் தொப்பி முள்வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. மூன்றாவதற்கு முன்பே பிரேக்கை இறுக்கிவிட்டு, வண்டியின் கைப்பிடிப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கக் கற்றுவிட்டேன்.

லாரி ஓட்டுநர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 40ஆம் சேனலைக் கேட்க ஒரு சிறு ரேடியோ வைத்திருக்கிறேன். பிற்பகலில் அதில் என்னைப் பற்றியே பேச்சு வந்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான் என்று ஒருவர் அறிவிக்க, உள்ளே குழந்தை இருக்கிறதா என்று இன்னொருவர் கவலையோடு கேட்டார். பொத்தானை அழுத்தி, குழந்தை இல்லை, தண்ணீர்தான் என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, நல்லது, அழாது என்று பதில் வந்தது.

பெனாங் காற்றாலைகளின் ஊர். கிணற்று நீரை இறைக்கும் பழைய தகரக் காற்றாலைகளைச் சேகரித்து ஊர் நடுவே திறந்தவெளி அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். 35 அடி விட்டமுள்ள பெரியது ஒன்றும் அவற்றுள் உண்டு. தண்ணீருக்காக எவ்வளவு இரும்பை நட்டிருக்கிறார்கள் என்பதை, கொப்புளம் கட்டிய இடது குதிகாலைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 3: 41 கி.மீ.

நாள் முழுவதும் எதிர்க்காற்று. குளிர்காலத்தில் இக்கடற்கரையில் மேலைக்காற்று வலுப்படும் என்பதும், அது எனக்கு நேர் எதிராக வீசும் என்பதும் தெரிந்துதான் இத்திசையைத் தேர்ந்தெடுத்தேன். மறையும் சூரியனைப் பார்த்தபடி ஓடும் ஆசை ஒன்றைத் தவிர அதற்கு உருப்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

வண்டியின் மேல் உயரமாகக் கட்டியிருந்த படுக்கைப் பையும் மழைப்படுதாவும் கப்பற்பாய் போலக் காற்றை வாங்கின. மதியம் நிறுத்தி எல்லாவற்றையும் இறக்கினேன். தண்ணீர்ப் பைகளை அடியிலும் உணவை நடுவிலும் வைத்து, இலேசான பொருள்களைச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட கீழ்ப்பையில் திணித்து, மேற்பரப்பு முழங்கால் உயரத்தைத் தாண்டாதபடி மறுபடி கட்டினேன். சுமை குறையவில்லை, ஆனால் எதிர்ப்பு குறைந்தது. இதை வீட்டு முற்றத்திலேயே செய்து பார்த்திருக்கலாம். முற்றத்தில் காற்று இல்லை.

உடல் இப்போது எதை எரித்து ஓடுகிறது என்று மதிய உணவின்போது எண்ணிப் பார்த்தேன். சமதரையில் ஓடுபவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும் என்பது பழைய தோராயக் கணக்கு. 66 கிலோ எடையுள்ள எனக்கு 41 கி.மீ. ஓட்டத்துக்கு மட்டும் 2,700. வண்டியும் காற்றும் அதன் மேல் எவ்வளவு கேட்கின்றன என்பதை வயிறுதான் சொல்ல வேண்டும். நான் சுமக்கும் உணவு ஒரு நாளைக்கு 3,800 கிலோகலோரிக்குச் சற்று மேல். நூடுல்ஸ், நிலக்கடலை வெண்ணெய், ஓட்ஸ், பால்பொடி, உலர்ந்த திராட்சை ஆகியவையே அதில் பெரும்பகுதி. எப்படிப் பார்த்தாலும் நாள்தோறும் கொஞ்சம் கடனாகத்தான் ஓடுகிறேன். அந்தக் கடனைக் கொடுப்பது இடுப்பைச் சுற்றியுள்ள சேமிப்பு.

நாள் 4: நன்ட்ரூ, 37 கி.மீ.

காற்று தணிந்தது. இன்று ஓட்டம் ஓட்டமாகவே இருந்தது. கொப்புளத்தை நூலால் வடித்து, மேலே ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டியதும் குதிகால் அடங்கிவிட்டது. ஒரு கையால் வண்டியைத் தள்ளி மறு கையை வீசி ஓடுவது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கையை மாற்றுவது என்ற முறை பழகிவிட்டது.

நாள் 5: 34 கி.மீ.

விடியற்காலையில் கூடார மேல்துணி முழுவதும் பனித்துளி. அதை ஒரு துணியால் ஒற்றிப் பிழிந்து பார்த்தபோது பாதிக் கோப்பை தண்ணீர் சேர்ந்தது. விளையாட்டாகச் செய்ததுதான், ஆனால் இந்த நெடுஞ்சாலைக்குப் பெயர் தந்த எட்வர்ட் ஜான் ஐர் என்ற ஆங்கிலேயர் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. நன்ட்ரூவுக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கும் ஃபௌலர்ஸ் விரிகுடாவிலிருந்து 1841 பிப்ரவரி 25 அன்று, ஜான் பாக்ஸ்டர் என்பவரோடும் வைலி உட்பட மூன்று பழங்குடி இளைஞர்களோடும் அவர் மேற்கே புறப்பட்டார். தண்ணீர் தீர்ந்துபோன நாட்களில் விடியுமுன் எழுந்து, புல்லிலும் இலையிலும் படிந்த பனியைப் பஞ்சால் ஒற்றிக் குடித்திருக்கிறார்கள். ஏப்ரல் 29 இரவில் பாக்ஸ்டர் கொல்லப்பட்டார், மற்ற இருவர் பிரிந்து போயினர். ஐரும் வைலியும் மட்டும் ஜூலை 7 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கும் ஆல்பனியை அடைந்தார்கள்.

ஐர் பிழைத்த கதையைத் துணிவின் கதையாகவே சொல்வது வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. கடலோர மணல்மேடுகளில் எந்த இடத்தைத் தோண்டினால் நன்னீர் ஊறும் என்பதை அங்கே வாழ்ந்த மக்கள் அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்டார், அவர்கள் காட்டினார்கள். சாலையில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, ஊர்களில் கிடைப்பதை மட்டும் விலைகொடுத்து வாங்குவது என்று புறப்படும்போது எனக்கு நானே விதித்துக்கொண்ட விதி, பாதிக் கோப்பைப் பனிநீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சற்றே அசடாகத் தோன்றியது. ஆனாலும் அதை மாற்றவில்லை.

பிற்பகலில் வலது முழங்காலின் வெளிப்புறம் ஊசியால் குத்துவது போல ஒரு வலி தொடங்கியது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மழைநீர் வடிவதற்காக எந்தச் சாலையும் நடுவில் உயர்ந்து ஓரங்களுக்குச் சரிந்திருக்கும். ஐந்து நாட்களாக வலது ஓரத்திலேயே ஓடுவதால் என் வலது கால் எப்போதும் தாழ்ந்த பக்கத்தில் விழுகிறது. இடுப்பிலிருந்து முழங்காலின் வெளிப்புறம் வரை இறங்கும் தசைநார்ப் பட்டை ஒவ்வோர் அடியிலும் இழுபடுகிறது. ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் அடிகள் என்றால், அதில் பாதி அந்த ஒரே பட்டையின் மேல் விழுகிறது. இரு திசையிலும் நெடுந்தூரம் வெறிச்சோடியிருக்கும் நேர்ப்பகுதிகளில், ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டு, சரிவில்லாத நடுமேட்டுக்கு அருகில் ஓடத் தொடங்கினேன். பாதுகாப்பு விதிப்படி இது தவறு, முழங்காலின் விதிப்படி வேறு வழி இல்லை.

யலாட்டாவுக்கு முன்பாக நாய்வேலி நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டு மந்தைகளை டிங்கோ என்னும் காட்டுநாயிடமிருந்து காக்க எழுப்பப்பட்ட இந்தக் கம்பிவேலி ஏறத்தாழ 5,600 கி.மீ. நீளமுடையது. அதன் மேற்கு முனை இங்கிருந்து தெற்கே கடற்பாறைகளின் விளிம்பில் முடிகிறது. இத்தனை பெரிய பெயரைக் கேட்டுவிட்டு வந்தால், சாதாரணக் கம்பிவலையைப் பார்த்து ஏமாற்றமாக இருக்கும். தரையில் பதித்த இரும்புச் சட்டங்களின் மேல் வண்டியைத் தடதடவென்று தள்ளிக் கடந்தேன். இதுவரை வேலிக்கு உள்ளே இருந்தேன். இனி டிங்கோக்களின் பக்கம். அன்றிரவு உணவுப் பையைக் கூடாரத்துக்குள் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

நாள் 6: யலாட்டா, 18 கி.மீ.

முழங்காலுக்காகக் குறுகிய நாள். வேலிக்கு அப்பால் யலாட்டா மக்களின் நிலம் தொடங்குகிறது. நெடுஞ்சாலையை விட்டு அதற்குள் இறங்கிச் செல்ல அவர்களுடைய அனுமதி வேண்டும். யலாட்டாவில் உடை துவைத்தேன், தண்ணீர் நிரப்பினேன், நிழலில் காலை உயர்த்திப் படுத்தேன்.

இவ்வூர் மக்களில் பெரும்பாலோர் வடக்கே பெருமணற்பரப்பின் விளிம்பில் இருந்த ஓல்டியாவிலிருந்து 1952-இல் இங்கே கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய வழிவந்தவர்களும். ஓல்டியாவில் மணலுக்கடியில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. நாலா திசையிலிருந்தும் மக்கள் கூடிப் பண்டம் மாற்றிக்கொண்ட இடம் அது. 1917-இல் முடிந்த கண்டம் கடக்கும் ரயில்பாதை அந்த ஊற்றை ஒட்டியே போடப்பட்டது. நீராவி எஞ்சின்களுக்காகக் கிணறுகள் வெட்டி இறைத்து இறைத்து, பத்தாண்டுகளுக்குள் அந்தத் தண்ணீர் பயனற்றுப்போயிற்று. 1956 முதல் ஓல்டியாவுக்கு வடக்கே மாரலிங்காவில் பிரிட்டன் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியபோது, அந்த நிலத்துக்குத் திரும்பிப்போகும் வழியும் அடைபட்டது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இவ்வகைச் செய்திகள் தலையில் நிற்பதில்லை. படுத்திருக்கும்போதுதான் நிற்கின்றன. பல தலைமுறைகளைத் தாங்கிய ஓர் ஊற்றை எஞ்சின்கள் சில ஆண்டுகளில் குடித்துத் தீர்த்ததை நினைத்தபடி, என் பைகளில் இருந்த 16 லிட்டரைப் பார்த்தேன். தலா 6 லிட்டர் கொள்ளும் இரண்டு பைகளும், ஒரு லிட்டர் குப்பிகள் நான்கும். அடுத்த நிறுத்தமான நலார்பர் ரோடுஹவுஸ், அதாவது எரிபொருளும் உணவும் தங்க அறையும் கிடைக்கும் சாலையோர விடுதி, 93 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இரண்டரை நாளுக்கு இது சரியான அளவு. முதல் நாளின் பயம் போய்விட்டது என்று மகிழ்ந்தேன்.

நாள் 7: 40 கி.மீ.

காலை முழுவதும் சாலையின் இரு மருங்கிலும் மல்லி மரங்கள் அடர்ந்து நின்றன. மதியத்துக்குப் பின் அவை உயரம் குறைந்துகொண்டே வந்தன. தோளுயரம், இடுப்புயரம் என்று இறங்கி, பிறகு இடைவெளிகள் பெரிதாகி, அவற்றினிடையே சாம்பல் கலந்த நீலநிறப் புதர்கள் தலைகாட்டின.

சாலையோரம் செத்துக்கிடந்த கங்காரு ஒன்றின் மேல் ஆப்புவால் கழுகு உட்கார்ந்திருந்தது. லாரி வந்தால் பதறிப் பறக்கும் அந்தப் பறவை, நான் பத்தடி தொலைவுக்கு வரும்வரை அசையவே இல்லை. எட்டு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வரும் எதையும் அது பொருட்படுத்துவதில்லை போலும். கடைசியில் சிறகை விரித்தபோது அதன் அகலம் என் வண்டியின் நீளத்தைத் தாண்டியது. இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். பறக்கவில்லை, நான் சுற்றிப் போகும்வரை சிறகை விரித்தபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இரவில் தொலைவில் டிங்கோ ஊளையிட்டது. நாயின் ஊளையை விட இழைந்த, குரைப்புக் கலவாத ஒலி. பயப்படுவதற்குள் தூங்கிவிட்டேன்.

நாள் 8: 35 கி.மீ.

இன்று காலை வண்டி அருமையாக உருண்டது. எட்டு நாட்களில் உடம்பு தேறிவிட்டது, கால்கள் இந்த வேலையைப் புரிந்துகொண்டுவிட்டன, முழங்கால் வலியும் மட்டுப்பட்டுவிட்டது என்று எனக்கு நானே பாராட்டு சொல்லிக்கொண்டு, ஐந்து நிமிட நடையைக்கூட விட்டுவிட்டு 22 கி.மீ. வரை ஓடினேன். இடையில், மரமற்ற சமவெளியின் கிழக்கு எல்லை என்று அறிவிக்கும் பலகையைக் கடந்தேன். நலார்பர் என்பது மரம் இல்லை என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து செய்த பெயர். பாலை என்றால் மணல்மேட்டையே கற்பனை செய்யும் நமக்கு இந்த நிலம் ஏமாற்றம் தரும். இது முன்பு கடலடியாகக் கிடந்த சுண்ணாம்புக்கல் மேடை. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓர் ஆறுகூட இல்லை. பெய்யும் மழை பாறை வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்கிக் குகைகளுக்குள் போய்விடுகிறது. தண்ணீர் இல்லாத நிலம் என்பதை விடத் தண்ணீரை மேலே நிறுத்திவைக்கத் தெரியாத நிலம் என்பதே பொருத்தம்.

மதிய உணவுக்கு நிறுத்தி, இரண்டாவது தண்ணீர்ப் பையை எடுக்கக் கையை விட்டபோது, விரல்களில் மடிந்துபோன வெறும் ரப்பர் துணிதான் தட்டுப்பட்டது. பையின் அடியில், பலகையைப் பொருத்திய திருகாணியின் தலை உரசிய இடத்தில், கடுகளவு ஓட்டை. 6 லிட்டரும் காலையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. காற்றும் வெயிலும் பின்னாலேயே உலர்த்திவிட்டதால் ஈரத்தடம்கூட இல்லை. என் கால்கள் தேறவில்லை, வண்டியின் எடைதான் 6 கிலோ குறைந்திருக்கிறது.

முதல் பை நேற்றே தீர்ந்திருந்தது. குப்பிகளில் இருந்தது ஒன்றரை லிட்டர். ரோடுஹவுஸ் 31 கி.மீ. தொலைவில் இருக்கிறது. குளிர்ந்த நாள், உயிருக்கு ஆபத்து என்று மிகைப்படுத்தமாட்டேன். இரவு சமைக்காமல், உலர்ந்த உணவையும் தொடாமல், நிதானமாக நடந்தால் நாளை மதியம் தலைவலியோடு போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே 22 கி.மீ. ஓடி வியர்த்த உடம்பு அது, உதடுகளில் உப்புப் பூத்திருந்தது.

இந்த யோசனையில் நின்றிருந்தபோது, இழுவண்டி வீடு ஒன்றை இழுத்து வந்த காரில் இருந்த முதியவர் வேகத்தைக் குறைத்து, எல்லாம் நலமா என்பதுபோல ஜன்னல் வழியாகக் கையசைத்தார். என் கை தானாகவே உயர்ந்து, எல்லாம் நலம் என்று காட்டியது. எட்டு நாட்களாக நாளைக்குப் பத்து முறை செய்த சைகை அது. கார் வேகமெடுத்துப் போய்ப் புள்ளியான பிறகே என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

அடுத்த 40 நிமிடங்களுக்கு எந்த வாகனமும் நிற்கவில்லை. நடந்துகொண்டே அந்த விதியைப் பற்றி நினைத்தேன். யாரிடமும் கேட்பதில்லை என்று எழுதிவைத்தவன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவன். எட்டிய தூரத்தில் தண்ணீர்க்குழாய் இருந்தவன். அவனுக்குத் தூய்மையான ஓட்டம் வேண்டியிருந்தது. நான் ஓடும் இந்தத் தார்ச்சாலையே 1976-இல்தான் முழுமையடைந்தது. அதற்கு முன் புழுதியில் வண்டி புதைந்தவர்களை அடுத்து வந்தவர்கள் இறங்கித் தள்ளிவிட்டிருப்பார்கள். இந்த நிலத்தைத் தனியாகக் கடந்தவர் என்று யாரைச் சொல்வது?

இரண்டாவது இழுவண்டி வந்தபோது காலிப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஒரு தம்பதியர் இறங்கினார்கள். நான் பேச வாய் திறக்குமுன்பே அந்த அம்மையார் பின்கதவைத் திறந்து 5 லிட்டர் கேனை எடுத்து நீட்டினார். இது எங்களுக்கு வாடிக்கைதான், சைக்கிளில் போகிறவர்களும் இப்படித்தான் பையைத் தூக்கிக் காட்டுவார்கள் என்றார். முழுக் கேனையும் தர வேண்டாம், பாதி போதும் என்று நான் கணக்குச் சொல்ல, அவர் கணவர் சிரித்துவிட்டு, ரோடுஹவுஸுக்கு எங்களுக்கு இன்னும் 20 நிமிடம், உனக்கு இன்னும் ஒரு நாள், யார் கணக்குப் போடுவது என்று கேட்டார். அவர்கள் போனபின் சாலையோரத்தில் உட்கார்ந்து ஒரு லிட்டரைச் சிறிது சிறிதாகக் குடித்தேன். வெறும் தண்ணீரை ஒரேயடியாகக் குடித்தால் இரத்தத்தின் உப்பளவு இறங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு மிடறுக்கும் இடையில் உப்புக்கடலையை மென்றேன். பிறகு, நடந்ததையும் சேர்த்து 13 கி.மீ. ஆகும்வரை ஓடினேன்.

நாள் 9: நலார்பர் ரோடுஹவுஸ், 18 கி.மீ.

காலையில், இத்தென்கரையின் பெரிய கடல் வளைவின் உச்சியான பைட் முனைக்குப் பிரியும் கிளைச்சாலையின் அருகில் நின்றேன். 12 கி.மீ. உள்ளே, மணல்மேடுகள் முடிந்து கடற்பாறைகள் தொடங்கும் அந்த வளைவில், குளிர்கால மாதங்களில் தெற்கத்திய ரைட் திமிங்கிலங்கள் குட்டி ஈன வருகின்றன. போய்வர 24 கி.மீ. முழங்காலும் தண்ணீரும் வேண்டாம் என்றன. ஐருக்குத் தண்ணீர் காட்டப்பட்ட மணல்மேடுகளும் அந்தப் பக்கம்தான். தெற்கே அடிவானத்தில் வெள்ளையாக ஏதோ மின்னியது. மணலா, கடல்மேல் படிந்த வெளிச்சமா என்று தெரியவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு நேர்ச்சாலையிலேயே ஓடினேன். இந்த முடிவுக்காகப் பின்னால் வருந்துவேன் என்பது அப்போதே தெரிந்தது.

நலார்பர் ரோடுஹவுஸ் தெரிந்தபின் அதை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மரம் இல்லாத நிலத்தில் கண் காலை ஏமாற்றிவிடும். கூரை தெரிகிறது, பெட்ரோல் பம்ப் தெரிகிறது, நிற்கும் லாரியின் நிறம் தெரிகிறது. ஓட ஓட அவை அங்கேயே இருக்கின்றன. வாசலில் வந்து நின்ற என்னிடம் ஒரு லாரி ஓட்டுநர், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரேடியோவில் கேட்ட அதே குரல்.

அடுத்த கட்டம் மாநில எல்லையில் இருக்கும் பார்டர் வில்லேஜ் வரை, 180 கி.மீ.க்கு மேல். நடுவில் கடையோ வீடோ கிடையாது. தெற்கே சில கிலோமீட்டரில் கடல் இருக்கும், அதைக் குடிக்க முடியாது. நான்கரை நாளுக்கு 27 லிட்டர், அவசரத்துக்கு 2. முதல் நாளில் ஏற்றிய பயத்தை விட இது கனமானது, ஆனால் இதில் ஒரு லிட்டரும் வீண் இல்லை. எல்லைச் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எதையும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், யலாட்டாவிலிருந்து சுமந்துவந்த நான்கு ஆப்பிள்களையும் இன்றிரவே தின்று தீர்த்தேன்.

திருகாணித் தலைகளின் மேல் பழைய காலுறையை வெட்டி ஒட்டினேன். ஓட்டைப் பைக்கு டியூப் ஒட்டும் பசையால் ஒட்டுப்போட்டு, புதிதாக வாங்கிய கேன்களோடு சேர்த்து எல்லாவற்றையும் நிரப்பி, அறையின் தரையில் காய்ந்த துணிகளை விரித்து, ஒவ்வொரு துணியின் மேலும் ஒன்றாக நிறுத்திவைத்தேன். விடியுமுன் எழுந்து, விளக்கைப் போடாமலே ஒவ்வொரு துணியையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன.